15 மரங்கள்: ஒரு தேதி சொல்லுங்கள்

முல்லைப் பெரியாறு அணை மேற்பார்வைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அணையின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 142 அடி வரை தேக்கலாம், பெரிய அணையை ஒட்டியுள்ள சிறிய பேபி அணையைப் பலப்படுத்தி வல்லுநர்கள் ஆராய்ந்தபின் 152 அடி என்று 2006இல் சொல்லி, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உறுதியும் செய்தது. பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை அகற்ற வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. தமிழக முதல்வர் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். மை காய்வதற்குள் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு ரத்தும் ஆனது.

நாங்கள் கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர் பக்கத்து ஒருபோகக்காரர்கள்; ஆண்டுக்கு ஒரு நெல் சாகுபடிதான். பெரியாறு, வைகை இரண்டின் இருப்பையும் கூட்டி, அதில் குடிநீர், கம்பம் பள்ளத்தாக்கு, எங்களுக்கு மேலேயுள்ள இருபோக வயல்கள் எல்லாம் கழித்து, மிச்சம் இருந்தால்தான் எங்கள் கால்வாயில் தண்ணீர். செப்டம்பர் நடுவில் திறப்பார்கள் என்று நம்பி, கிணற்றில் கிடக்கும் கொஞ்ச நீரை இறைத்து நாற்றுப் பாவுகிறோம். 25, 30 நாளில் பறித்து நட்டாக வேண்டும். தண்ணீர் வரத் தாமதமானால் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. அறுத்து மாட்டுக்குத்தான் போட வேண்டும். விதைநெல்லுக்கும் உழவுக்கும் அடகு வைத்த நகை மட்டும் வட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும். நட்ட பயிர் கருகினால் நிவாரணம் கேட்கலாம். நடாத வயல், கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் தரிசு. தரிசுக்கு நிவாரணம் கேட்டு யாரிடம் மனுக் கொடுப்பது?

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வானம் பொய்த்ததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வானம் கொடுத்த ஆண்டைப் பற்றித்தான் பேச்சு. 2021 அக்டோபர் 29 அன்று, 142 அடியை எட்டும் முன்பே ஷட்டர்கள் திறக்கப்பட்டு நீர் கேரளத்தின் இடுக்கி அணைக்குப் போனது. 142 அடியில் அணையிலிருந்து எடுக்கக்கூடிய நீர் சுமார் 7.6 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), 152 அடியில் சுமார் 10.5 டிஎம்சி. இடையிலுள்ள ஏறத்தாழ 3 டிஎம்சி, கழித்தது போக மிஞ்சுவதை மட்டுமே நம்பியிருக்கும் எங்களுக்குச் சின்னக் கணக்கல்ல.

வண்டிப்பெரியாறு மக்களின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அணைக்குக் கீழே பிள்ளைகளோடு படுத்துறங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் அணை பலவீனமானது என்று சொல்பவர்களே அதைப் பலப்படுத்தவும் விடாமல் தடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 2024 டிசம்பரில் பராமரிப்புப் பணிக்கு மணல் ஏற்றிச் சென்ற லாரிகளைக்கூட கேரள வனத்துறையின் வல்லக்கடவு சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

மரங்கள் நிற்பது புலிகள் காப்பகம் என்கிறார்கள். தேக்கடியில் நாள்தோறும் சுற்றுலாப் படகுகள் ஓடுவது இதே அணையின் நீரில்தான். அந்த இரைச்சலுக்குப் பழகிய புலிகளுக்கு 15 மரங்கள் விழும் ஓசைதான் பொறுக்காதோ? அதிகாரிகள் அணைக்குப் போய்வரத் தமிழகம் வாங்கிய ‘தமிழன்னை’ படகை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருந்ததும் புலியின் நலன் கருதித்தானா என்று தெரியவில்லை. எங்கள் பக்கமும் யோக்கியமில்லை. கண்மாய்கள் தூர்ந்து, மடைகள் உடைந்து கிடக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், வேறு முகவரிக்கு.

பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததற்கு வருகிறேன். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்து மரம் நட வேண்டும் என்று நிபந்தனை போட்டால், கன்றுகளோடு நாங்களே மலையேறி வருகிறோம். அந்த 15 மரங்கள் பற்றிய முடிவுக்கு ஒரு தேதி வேண்டும், அவ்வளவுதான். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

தேதி குறித்தபின் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலப்படுத்தும் வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது இடுக்கிக்காரர்களுக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்து ஒருபோக விவசாயி