நாட்டியாஞ்சலி மேடைகளில் குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் பாதுகாப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பரதநாட்டிய ஆசிரியர்கள் மற்றும் மாணவியரின் பெற்றோர்,
கும்பகோணம் வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: கோயில் நாட்டிய விழாக்களுக்கு அனுமதி தரும்போதே பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாகச் சேர்க்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மகா சிவராத்திரி நெருங்கினால் நம் மாவட்டத்துக் கோயில்களில், நடனத்தால் சிவனுக்கு அஞ்சலி செய்யும் நாட்டியாஞ்சலி விழாக்களுக்கு மேடைகள் எழும்பிவிடும். 1981இல் சிதம்பரத்தில் தொடங்கிய வழக்கம் இன்று தஞ்சைப் பெரிய கோயில், கும்பகோணம் என்று காவிரிக்கரை முழுக்கப் பரவியிருக்கிறது. வேன் பிடித்து வெளியூர்களிலிருந்து வருபவர்களில் பெரும்பகுதி பள்ளிக் குழந்தைகள். எங்கள் மாணவிகளும் ஆடுகிறார்கள், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் வேனை விட்டு இறங்கியதிலிருந்து சலங்கையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறும் வரை அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் யாரும் தங்கள் பெயரைச் சொல்வதில்லை.

விழாக் குழுவைக் கேட்டால், வளாகம் கோயிலுடையது என்பார்கள். கோயில் அலுவலகத்தில் கேட்டால், மேடை குழுவினருடையது என்பார்கள். காவலர் வாசலில் கூட்டத்தையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆசிரியை தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்கு உட்கார்ந்துவிடுவார். பெற்றோர் முன்வரிசையில் இடம் பிடிக்கப் போயிருப்பார்கள். மேடைக்குப் பின்னால் குழந்தைகள் மட்டும்தான்.

அங்கே நிலைமை எப்படி என்றால், மண்டபத்து இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டியிருப்பார்கள். அதுதான் உடை மாற்றும் இடம். காற்றடித்தால் விலகும். ஒரு விழாவில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் தைத்த உடையின் விசிறி மடிப்பை இடுப்பில் சுற்றிப் பின் குத்திக்கொண்டிருக்கும்போது, நீள லென்ஸ் கேமராவோடு ஒருவர் திரை ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கேண்டிட் போட்டோ மேடம்" என்றார். அவரை அழைத்தது யார் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படங்கள் பிறகு குழந்தையின் பெயர், பள்ளி, ஊர் எல்லாம் போட்டு முகநூலில் வந்தன. இதே விழாவில் இரவு எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்த நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டியது. நெற்றிச்சுட்டி, ராக்கொடி போன்ற தலை நகைகளோடு குழந்தைகள் கருங்கல் தரையில் படுத்துத் தூங்கினார்கள். கழிப்பறை கோயிலுக்கு வெளியே, விளக்கில்லாத சந்தில் இருந்தது.

அரசிடம் இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தைகள் பங்கேற்கும் வணிக நிகழ்ச்சிகளுக்கு மாவட்ட ஆட்சித்தலைவரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். சரி, சாமிக்கு ஆடுவது வணிகமா என்று சிலர் கேட்கலாம். அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. சினிமா படப்பிடிப்பில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் கவனிப்பு கோயில் மேடையில் கிடைக்காமல் போவது நியாயமில்லை என்பதே எங்கள் எண்ணம்.

ராஜராஜன் காலத்தில் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை பெரிய கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில், இன்று மேடையேறும் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலும் அவர்களை அழைத்து வந்தவரின் கைப்பேசி எண்ணும் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகமாவது விழாக் குழுவிடம் இருக்க வேண்டாமா?

ஆகவே, ஒவ்வொரு விழாக் குழுவும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரை, முடிந்தால் ஒரு பெண்ணை, பெயர் குறிப்பிட்டு நியமித்த பிறகே அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம். விழா முடியும் வரை அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. சாதாரணமாக அவரைத்தான் பொன்னாடை வாங்கி வர அனுப்புவார்கள். குழந்தையை அழைத்து வந்தவரிடமே திருப்பி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது அவர் பொறுப்பு. உடை மாற்ற நான்கு பக்கமும் அடைத்த, தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். அதற்குள் கைப்பேசியோ கேமராவோ எந்தக் காரணத்துக்கும் கூடாது. மேடையில் ஆடுவதைப் படமெடுக்கத் தடை கேட்கவில்லை. குழு அட்டை பெற்றவர்கள் எடுக்கட்டும், குழந்தையின் பெயரையும் பள்ளியையும் சேர்த்து வெளியிடாமல் இருந்தால் போதும். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் நிகழ்ச்சி இரவு ஒன்பதுக்குள் முடிய வேண்டும். சிவராத்திரி இரவு முழுவதும் ஆட பெரியவர்கள் இருக்கிறார்களே.

புகார் விஷயம்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். ஏதாவது நடந்தால் "பிள்ளை பேர் கெட்டுடும், அரங்கேற்றம் நின்னுடும், விட்டுடுங்க" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்று விழாக் குழுக்களில் பலருக்குத் தெரியாது. நாட்டிய ஆசிரியர்களிலும் பலருக்குத் தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் விழாவுக்கு முன்பே குழுவினருக்கும் எங்களுக்கும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தால் நல்லது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பெரிய எழுத்தில், குழந்தைகள் உடை மாற்றும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். ஸ்பான்சர் பேனர்களுக்கு நடுவில் வாசலில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. மேடைக்குப் பின்புறம் பெண் காவலர்கள் வந்தால் சீருடை இல்லாமல் வரட்டும், குழந்தைகள் மிரள மாட்டார்கள்.

இன்னொரு கூட்டத்தார் யார் கணக்கிலும் வருவதில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களும் இளம்பெண்களும் குழுவாக வந்து அழகாக ஆடுகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயது என்றால் போக்சோ அவளுக்குப் பொருந்தாது, ஆனால் உடை மாற்றவும் கழிப்பறைக்குப் போகவும் துணை வேண்டும். அந்தத் துணை அவளுக்குப் பழக்கமானவராக இருக்க வேண்டும். அங்கே கையில் கிடைத்த தன்னார்வலர் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். விழா நாட்களில் அந்த நடுவர் யார், எந்த எண்ணில் கிடைப்பார் என்று அறிவித்தால் போதும். வயதான நட்டுவனார்களையும் வாத்தியக் கலைஞர்களையும் செங்குத்தான மரப்படியில் கைப்பிடியில்லாமல் ஏறச் சொல்கிறார்கள். இதற்கு ஒரு தச்சர் போதும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் ஆகாது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டால் நேரத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், அதற்கு முன்பே விழாக் குழுக்கள், இந்து சமய அறநிலையத் துறை, தொல்லியல் துறை, காவல் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எல்லோரையும் தங்கள் தலைமையில் ஒரே கூட்டத்துக்கு அழைக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் தரப்பிலிருந்து இரண்டு ஆசிரியைகளும் ஒரு தாயும் வரத் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை தவிர எந்த நாளும் சரி, அன்று எங்களுக்கு வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பரதநாட்டிய ஆசிரியர்கள், பெற்றோர்
கும்பகோணம்