உங்கள் ஆட்டுக்குட்டிப் பால் பவுடர் டப்பாவோடு வந்த அளவுக் கரண்டி தவறானது

வணக்கம்.

வெள்ளாட்டுக் குட்டிகளுக்கென்று நீங்கள் விற்கும் பால் பவுடரைப் பற்றியது இந்தக் கடிதம். உங்கள் உதவி எண்ணில் மூன்று முறை பேசிவிட்டேன், பயனில்லை. அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து இதை ஆட்டைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

எங்கள் ஆடு மூன்று குட்டிகள் போட்டது. சீம்பால் மூன்றுக்கும் முதல் சில மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது, அதில் குறையில்லை. நான்காம் நாள் தாய்க்கு மடிநோய் வந்து பால் போய்விட்டதால் பாட்டிலுக்கு மாற்றினோம். உங்கள் முதல் டப்பா நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு நாளும் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன, புழுக்கை கட்டியாகப் போனது, எடையும் ஏறியது. பன்னிரண்டாம் நாள் அது தீர்ந்து இரண்டாவது டப்பாவைத் திறந்தேன். அதே பெயர், அதே படம், அதே செய்முறை: 200 மில்லி நீருக்கு ஒரு கரண்டி, அதாவது 30 கிராம். உள்ளே இருந்த கரண்டி மட்டும் வேறு. நிறம் மாறியிருந்தது, கொஞ்சம் பெரிதாகவும் தெரிந்தது. நிறுவனமே போட்டு அனுப்பியதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அதிலேயே அளந்தேன்.

மூன்றாம் நாள் காலை சின்னப் பெட்டைக்குட்டிக்கு மஞ்சளாகக் கழிச்சல், மதியத்துக்குள் தண்ணீராகவே போக ஆரம்பித்தது. அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோதே கிடாக்குட்டி ஓர் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பால் குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிறு மேளம் போல உப்பியிருந்தது, லேசாக அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. கால்நடை மருத்துவரை அழைத்து அவர் வருவதற்குள் என் மடியிலேயே இறந்துவிட்டது. மூன்றில் அதுதான் நன்றாக வளர்ந்த குட்டி, என் குரல் கேட்டால் முதலில் ஓடி வருவதும் அதுதான்.

மருத்துவர் அதை அறுத்துப் பார்த்தார். பால் செரிக்கும் இடமான நான்காம் வயிறு முழுக்கக் காற்றும் புளித்த பாலும். அவர் முதலில் கேட்ட கேள்வியே பாலை எப்படிக் கலக்குகிறீர்கள் என்பதுதான். அப்போதுதான் சமையலறைத் தராசை எடுத்து வந்து உங்கள் கரண்டியை நிறுத்துப் பார்த்தோம். குவித்து எடுக்கவில்லை, ஒவ்வொரு முறையும் தலைதட்டித்தான் அளந்தோம். பத்து முறையில் மிகக் குறைந்தது 39 கிராம், மிக அதிகம் 43 கிராம். ஒரு கரண்டி 30 கிராம் என்று எழுதிய டப்பாவுக்குள் 40 கிராம் பிடிக்கும் கரண்டி! லிட்டருக்கு 150 கிராம் போட வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 200 கிராம் போட்டு மூன்று நாளாகக் கொடுத்திருக்கிறேன். பழைய கரண்டியைத் தேடி எடுத்து அளந்தால் 30, 31 என்று ஒழுங்காக நிற்கிறது.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று உங்கள் ஆள் கேட்டார், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். பால் அடர்த்தியானால் நான்காம் வயிற்றிலிருந்து அது கீழே இறங்கத் தாமதமாகும். அங்கேயே தங்கும் பால் சர்க்கரை, குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் கிருமிகளுக்குத் தீனியாகிறது. அவை பெருகிக் காற்றை உண்டாக்கினால் உப்புசம், குட்டி சில மணி நேரத்தில் போய்விடும். குடலுக்குப் போன பகுதியோ உடம்பிலிருக்கும் நீரை உள்ளே இழுத்துக் கழிச்சலாக்குகிறது. கழிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது எனக்கும் தெரியும், மருத்துவரும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆனால் பாட்டிலும் நிப்பிளும் தினமும் கொதிநீரில் கழுவியவை, பாலின் சூடு 39 டிகிரி, ஒரு நாள் பாலை நான்கு வேளையாகப் பிரித்துத்தான் கொடுத்தேன். மாறியது கரண்டி ஒன்றுதான்.

இனி உங்கள் உதவி எண். முதல் முறை பேசியவர், குட்டியைப் படுக்க வைத்துப் பால் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை. நின்றபடி தலையைத் தூக்கிச் சப்பினால்தான் உணவுக்குழாய்ப் பள்ளம் மூடி, பால் முதல் வயிற்றில் விழாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும் என்பது தெரிந்துதான் தாயின் மடி உயரத்தில் பாட்டிலைப் பிடிக்கிறேன். இரண்டாவது முறை பேசியவர் குடற்புழு மருந்து கொடுக்கச் சொன்னார். இரண்டு வாரக் குட்டி அது! ஏற்கெனவே தண்ணீராகக் கழிந்துகொண்டிருக்கும் குட்டிக்கு, பார்க்காமலே போனில் மருந்து சொல்வதா? மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. இரண்டு நாள் பாலையே நிறுத்திவிட்டு வெறும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுங்கள் என்றார். இந்த வயதில் குட்டியின் உடம்பில் சேமிப்பாகக் கொழுப்பு ஏது? கழிச்சலில் தண்ணீரோடு உப்புகளும் போய்விடுகின்றன, அதை வெறும் குளுக்கோஸ் ஈடுகட்டாது, இரண்டு நாள் பசியையும் தாங்க வைக்காது. நான் அதைக் கேட்டிருந்தால் பெட்டையும் போயிருக்கும்.

அதன் நிலை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? கண் குழி விழுந்திருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது, சப்பவே இல்லை. நல்ல குட்டிக்கு 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டிய உடல் சூடு 36.8-க்கு இறங்கிவிட்டது. குளிர்ந்த குட்டியின் வயிறு பாலைச் செரிக்காது என்பதால், மருத்துவர் முதலில் சூடுபடுத்தச் சொன்னார். துணியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பாட்டில்களை வைத்து, அவர் ஊசி வழியாக நீரேற்ற, சூடு 38-ஐத் தாண்டி அது சப்ப ஆரம்பித்த பிறகுதான் வாய்வழியாக, நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல். அப்புறம் சரியான அளவில் கலந்த பால், ஒரு வேளைக்குக் கொஞ்சமே கொஞ்சம், பால் வேளைகளுக்கு நடுவே மறுபடி உப்புக்கரைசல் என்று இரண்டு இரவு விழித்திருந்தோம். ஐந்தாம் நாள் புழுக்கை இறுகியது. இப்போது நிற்கிறது, நடக்கிறது, ஆனால் மூன்றாவது குட்டியின் எடையில் பாதிதான் இருக்கிறது. மூன்றாவது எப்படித் தப்பியது என்றால், அது எப்போதும் பாட்டிலில் பாதியைக் குடிக்காமல் வைத்துவிடும், அவ்வளவுதான்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். டப்பா வரிசை எண்ணைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், இதே வரிசையில் போன டப்பாக்களை வாங்கியவர்கள் எல்லாருக்கும் கரண்டியைப் பயன்படுத்த வேண்டாம், தராசில் நிறுத்துக் கலக்குங்கள் என்று உடனே தகவல் அனுப்புங்கள். கடைகளில் நிற்கும் டப்பாக்களைத் திரும்ப எடுங்கள். லேபிளில் கிராம் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுங்கள், 'வெதுவெதுப்பான நீர்' என்பதற்குப் பதிலாக டிகிரியைப் போடுங்கள், எல்லா வயதுக்கும் 'தினம் இரு வேளை' என்று எழுதியிருப்பதை எடுத்துவிட்டு வயதுக்கும் எடைக்கும் ஏற்ப எத்தனை வேளை, எவ்வளவு என்று எழுதுங்கள். பவுடரில் உள்ள புரதம் முழுக்கப் பாலிலிருந்து வந்ததா, சோயா கலந்ததா என்பதும் அதில் இல்லை. மூன்று வாரம்கூட ஆகாத குட்டிக்குச் சோயா சரியாகச் செரிக்காது, வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டாமா? உதவி எண்ணில் பேசுகிறவர்கள் மருந்து சொல்வதை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள் என்று சொன்னாலே போதும்.

இரண்டு கரண்டிகளும் மீதிப் பவுடரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பும் இருக்கிறது. கரண்டி எப்படி மாறியது, எத்தனை டப்பாக்களில் மாறியது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன்பே அந்த எச்சரிக்கையை அனுப்பிவிடுங்கள், இந்த நேரத்திலும் யாரோ ஒருவர் அந்தக் கரண்டியால் பால் கலக்கிக்கொண்டிருப்பார்.