ஆண்டறிக்கை 2024–2025: அவரவர் வளவில் பொங்கல்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சம்பூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, உறவுகளே, வணக்கம்.

திருகோணமலை நகரில் வாழும் சம்பூர்க் குடும்பங்களின் ஒன்றியம் சார்பில், 2024 ஐப்பசி முதல் 2025 புரட்டாசி வரையான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகசபை மாதாமாதம் கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் சொல்வார். மாணவர்களுக்கான மாலை வகுப்பு தடையில்லாமல் நடக்கிறது. சம்பளம் வாங்காமல் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் நன்றி.

இந்த வருடத்தின் பெரிய வேலை தைப்பொங்கல். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2006 ஏப்ரலில் போரால் ஊரை விட்டு எழும்பிய பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களிலும் பொங்கினோம். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் மூன்று கல்லு, நிவாரண அரிசி. 2015, 2016இல் காணிகள் திரும்பக் கிடைத்தன. ஊரோடு போய்க் குடியேறியவர்கள் வீடு வாசலைக் கட்டிக்கொண்டார்கள். தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாக நகரத்திலேயே தங்கிவிட்ட நாங்கள் தைப்பொங்கலுக்குப் போய், பொதுவாக ஒரு பெரிய பானை வைத்துப் பொங்கிவிட்டு அன்றைக்கே திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது.

சென்ற பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றித்தான் நீண்ட விவாதம். ஒரே பானை என்றால் செலவு குறைவு, ஒற்றுமையும் தெரியும் என்றார்கள் சிலர். அதிலும் நியாயம் இருந்தது. அப்போது பெரியப்பா முறையான ஒருவர் எழும்பி, "வளவில புகை எழும்ப வேணும் தம்பி. அப்பதான் ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் பெரிதாகப் பேசவில்லை. காலையில் அவரவர் வளவில் பொங்கல், மத்தியானம் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று முடிவானது.

நாட்காட்டியும் கைகொடுத்தது. ஜனவரி 13 திங்கள் போயா, 14 செவ்வாய் பொங்கல். சனி ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள் விடுமுறை. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தார்கள், மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள், கனடாவிலிருந்தும் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. மூதூர் றோட்டில், வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்தும் மிதவையான பாதைக்குப் பாதை இறங்கிக் காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் பஸ்ஸுக்குள் கதைத்துக்கொண்டே வந்தார்கள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் ஓடித் திரிந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் என்னவென்றே தெரியாது. கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்த கதையும் அந்த வழியில்தான் அவர்கள் காதில் விழுந்தது.

சனியும் ஞாயிறும் பற்றை வெட்டுவதிலும் கிணறு இறைப்பதிலும் போயின. வீடு இருந்த இடமே தெரியாத வளவுகள் இன்னும் இருக்கின்றன. கிணற்றையும் பனையையும் வைத்துத்தான் எல்லை பிடித்தார்கள். ஒரு வளவில் மாமி ஒருவர் கத்தியால் புல்லைச் செதுக்கிக்கொண்டே போய், சிவப்புச் சீமெந்து பூசிய படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய குசினி வாசற்படி. ஒரு மூலையில் சீமெந்து காயும் முன் கோழி மிதித்த அடையாளம் அப்படியே இருந்தது. அதற்கு நேரே கிழக்கில்தான் தன் பானையை வைப்பேன் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

பொங்கலன்று விடியுமுன்பே வளவுக்கு வளவு விளக்கு வெளிச்சம். மெழுகிக் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல் அடுப்பில் பானை ஏற்றினார்கள். மாரி விறகு எளிதில் பற்றாது. ஊதி ஊதிக் கண் சிவந்த மச்சாள்மார் எத்தனை பேர்! புது நெல்லை முதன்முதலாக வீட்டுக்கு எடுக்கும் புதிரெடுப்பு தைப்பூசத்துக்குத்தான் என்றாலும், முந்தி விதைத்த வயலில் அறுத்த புது நெல்லைக் குத்தி ஊரவர்கள் எல்லா வளவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருந்தார்கள். இந்த உதவியை ஒன்றியம் மறக்காது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தபோது சீனவெடி வெடித்தது. வாசற்படி கண்ட மாமி, முகாமில் பிறந்த தன் பேரனின் கையைப் பிடித்து மூன்று தரம் அரிசி போடவைத்தார். அதன் பிறகுதான் வறுத்த பயறு, சர்க்கரை, முந்திரிகை வத்தல் எல்லாம்.

மத்தியானப் பந்தியில் எல்லா வளவுப் பொங்கலும் ஒரே வாழையிலையில் வந்து விழுந்தது. ஒரு பிடி அடிப்பிடித்தது, ஒரு பிடி தண்ணியாக இருந்தது. எனக்கு அதுதான் சரியான பொங்கல். பந்தி முடிந்து யார் யாருக்கு என்ன முறை என்று பெரியம்மா ஒருவர் சொல்லச் சொல்ல, இளம் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி எடுத்தார்கள். அந்தக் கொப்பி ஒன்றியத்தில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை வேலைநாள் என்பதால் பட்டிப்பொங்கலுக்குச் சிலர்தான் நின்றார்கள். மாடு குளிப்பாட்டி மாலை போடும்போது ஊரவர்கள் கதைத்ததெல்லாம் மேய்ச்சல் தரையைப் பற்றித்தான். அதற்குப் பிறகு, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. முன்பு அனல்மின் நிலையம் வரவிருந்த ஊர் இது. சூரியமின்சாரம் அதைவிட நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் மாடு போய்வரும் வழியும் மேய்ச்சல் நிலமும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். அப்படிக் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப இச்சபையின் அனுமதி வேண்டும்.

வீடில்லாத வளவுகளில் பெண்களும் வயதானவர்களும் மலசலகூடத்துக்கும் குடிதண்ணீருக்கும் அயல்வீட்டை நம்பித்தான் இருந்தார்கள். அடுத்த முறை தண்ணீர்த் தாங்கியும் தற்காலிக மலசலகூடமும் முதலிலேயே ஒழுங்கு செய்ய வேண்டும்.

2026 தைப்பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. நீண்ட விடுமுறை இல்லை. ஆகவே புதன் மாலை நகரத்திலிருந்து பஸ் ஒழுங்கு செய்ய உத்தேசம். பற்றை வெட்டும் வேலையை அதற்கு முந்திய சனி ஞாயிறில் முடித்துவிடலாம். வருகிறவர்கள் கார்த்திகை முடிவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். காணிப் பத்திரம் தொலைந்தவர்கள், எல்லைப் பிரச்சினை உள்ளவர்கள் இன்றைக்கே வாசல் மேசையில் விபரம் பதியலாம்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.