வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில், பந்தயப் பயிற்சி ஓட்டத்தின்போது தீப்பற்றிய கார் பற்றிய செய்தியை வாசித்தேன். “தடத்து ஊழியர்கள் தீயணைப்புக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தனர்” என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். பத்து தீகா பந்தயத் தடம் இருந்த காலந்தொட்டுச் சிப்பாங் பந்தயத் தடம் வரை, வார இறுதிகளில் சம்பளமின்றி மார்ஷலாக, அதாவது தடத்தோரப் பாதுகாப்பு ஊழியராக, நின்றவன் நான். அந்த வரியை நான்கு முறை படித்து முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது.

மற்ற கார்கள் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் எவரும் இறங்கக் கூடாது என்பது தாங்கள் அறியாததல்ல. 1977இல் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில், நின்றுபோன காரில் எழுந்த சிறு தீயை அணைக்கக் கருவியோடு தடத்தைக் கடந்த 19 வயது மார்ஷல்மீது பந்தய ஓட்டுநர் டாம் பிரைஸின் கார் மோதியது; அந்த இளைஞரும் இறந்தார், அவர் கையிலிருந்த கருவி தலையில் தாக்கியதால் பிரைஸும் இறந்தார். அவர் அணைக்கப் போன தீயோ யாரையும் சுடவில்லை.

1973இல் நெதர்லாந்தின் ஸான்ட்வூர்ட்டில், கவிழ்ந்து எரிந்த காரிலிருந்து ஓட்டுநர் ரோஜர் வில்லியம்சனை மீட்க சக ஓட்டுநர் டேவிட் பர்லி தனியாகப் போராட, மார்ஷல்கள் ஒதுங்கி நின்றார்களே என்று தாங்கள் கேட்கலாம். நின்றார்கள்தான்; தீத்தாங்கும் உடை அவர்களுக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. இங்கே ஓர் ஏற்பாட்டாளர் எங்களுக்கு விளம்பரம் அச்சிட்ட நைலான் சட்டைகளை அன்புடன் வழங்கினார். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதற்கு, “படத்துக்கு நல்லா இருக்கும் அண்ணே” என்றார். அதைப் பற்றி அப்போதே தங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை; இங்கிலாந்துக் காற்பந்துக்கு நான்கு பக்கம் தேவைப்பட்ட வாரம் அது, குறை சொல்ல மாட்டேன்.

காரை நெருங்கிய பிறகும் அவசரம் உதவாது. காற்று முதுகுப்பக்கம் இருக்க, இருவராகச் செல்ல வேண்டும். உலர்தூள் சுவாலையை நொடியில் அடக்கும். ஆனால் உலோகத்தைக் குளிர்விக்காது. சூடான புகைபோக்கிக் குழாயில் பெட்ரோல் சொட்டினால் தீ மறுபடி எழும் என்பதால், நுரைக் கருவியோடு ஒருவர் காத்து நிற்பார். அவரும் ‘வேடிக்கை பார்ப்பவராக’ப் படத்தில் விழுந்திருக்கலாம். 2016இல் சிப்பாங்கிலேயே, முதல் பயிற்சி ஓட்டத்தின்போது ஓட்டுநர் கெவின் மேக்னுசனின் ரெனோ கார், அணிகளின் பணிமனைகளுக்கு முன்னுள்ள பிட் பாதையில் அணைந்து அணைந்து மீண்டும் எரிந்ததைத் தங்கள் விளையாட்டுப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். வீரத்தைப் பொறுத்தவரை, பத்து தீகாவில் நானும் ஒருமுறை அதைக் காட்டியிருக்கிறேன்: இடுக்கின் வழியே தூளைச் செலுத்தாமல் போனட்டை ஒரேயடியாகத் தூக்கினேன், காற்று புகுந்து தீ என் முகத்துக்கே வந்தது. புருவம் முளைக்கும்வரை என் மனைவி என்னை உறவினர் திருமணங்களுக்கு அழைத்துச் செல்லவில்லை.

எழுதிய தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். ‘வேடிக்கை பார்த்தனர்’ என்பதை நீக்கி இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். இடமிருந்தால், படத்தின் கீழ் ‘காவலாளிகள்’ என்று போட்டதையும் ‘மார்ஷல்கள்’ என்று மாற்றுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மார்ஷல் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்