தொட்டிக்குத் தக்கபடி மீன் வளராது

அன்பு மகள் சுமதிக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில், தலையில் சதை திரளும் தங்கமீன் வகையான ஒராண்டாவின் குஞ்சுகள் இரண்டு, அடியில் நீலக் கல். பேரனுக்கு மீன் வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம்மா. ஆனால் "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நம்பாதே.

எந்தத் தங்கமீனும் தொட்டியை அளந்து பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. சின்னத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், கெட்ட தண்ணீரில் வளர்ச்சி தடைப்படும், அவ்வளவுதான். உடம்பு குறுகி, கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற மீனைக் 'குட்டி மீன்' என்று கொஞ்சுகிறார்கள். அது நோயாளி. ஒழுங்காக வளர்த்தால் உன் ஒராண்டா 6 முதல் 8 அங்குலம் வரும். காமெட் என்கிற நீள வால் வகையாக இருந்தால் ஓரடியைத் தொடும். 10, 15 வருடம் கூடவே இருக்கும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1956-ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 வருடம் வாழ்ந்தது.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்பதுதான் முக்கியம். மீனின் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பளிங்கு மாதிரித் தெரியும் தண்ணீரிலும் மீன் சாகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் மாதத்திலேயே மீன்கள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

உன்னிடம் மீன் ஏற்கெனவே இருக்கிறது, காத்திருக்க முடியாது. அதனால் இப்போதைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று, தீனியைப் பாதியாக்கு. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒன்றைக் கேட்டு வாங்கி உன் தொட்டியில் போடு. வேலை பாதியாகக் குறையும். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே. இந்த நிலை வந்த பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் பிடித்து அதிலேயே இரண்டு தடவை பிழி. டிகாக்‌ஷன் நிறத்தில் அழுக்கு இறங்கும். அது போதும், ஸ்பாஞ்ச் வெள்ளையாக வேண்டியதில்லை. மெட்ரோ தண்ணீர் பிடித்தால் ஆன்டி குளோரின் சொட்டு விடு, அல்லது ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வாளியில் வை. ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்புச்சத்து இல்லாததால் பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) திடீரென இறங்கிவிடும். உங்கள் போர்வெல் தண்ணீரில் பி.ஹெச். 8-ஐ ஒட்டி இருந்தால் பயப்படாதே, தங்கமீன் தாங்கும். ஆனால் பி.ஹெச்.சும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும் என்பதை நினைவில் வை.

கிண்ணம் போதாது. நீ வாங்க வேண்டிய தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை சுமார் 190 லிட்டர், இரண்டு மீனுக்குச் சரியாக இருக்கும். தண்ணீரே 190 கிலோ, அதனால் டிவி ஸ்டாண்டில் வைத்துவிடாதே. இரும்பு ஸ்டாண்டு, அடியில் தெர்மாகோல் ஷீட், சுவரோரம். பம்ப் ஒயர் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறுகிற மாதிரி மாப்பிள்ளையைப் போடச் சொல். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. நீலக் கல்லை எடுத்துவிடு. தங்கமீன் அடியைக் கிளறிக்கொண்டே இருக்கும், அந்த அளவுக் கல் வாயில் சிக்கும். வெறும் கண்ணாடித் தரையே நல்லது, இல்லாவிட்டால் கழுவிய ஆற்றுமணல் மெல்லிசாக.

சென்னையில் சித்திரை, வைகாசிதான் சோதனை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. அதனால் ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடட்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். மேற்பரப்பில் டேபிள் ஃபேன் காற்று பட்டாலே இரண்டொரு டிகிரி இறங்கும்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. பல் தொண்டையில் இருக்கிறது. மொத்தமாகப் போட்டால் செரிக்காமல் கழிவாகிறது, பேரன் கையில் டப்பாவைக் கொடுத்தால் அதுதான் நடக்கும். ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, தினம் இரண்டு தடவை. மூழ்கும் தீனியாகப் பார்த்து வாங்கி, ஒரு நிமிஷம் ஊறவைத்துப் போடு. மிதக்கும் தீனிக்கு வாய் திறந்து காற்றையும் விழுங்கிவிடலாம். வாரம் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி. பிரெட், பொரி வேண்டாம்.

பேரன் நிறம் மாறுவதைப் பார்த்துக் கேட்பான். தங்கமீன் முட்டையிலிருந்து வரும்போது பாசி கலந்த பழுப்பு நிறம். இரண்டு மூன்று மாதத்திலிருந்து கருமை வயிற்றிலிருந்து மேலே கரைந்து பொன்னிறம் தெரியும், சிலதுக்கு ஒரு வருடம் பிடிக்கும். தலைச்சதையும் மெதுவாகத்தான் திரளும். வளர்ந்த ஆணுக்குச் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் நரம்பிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வரும். அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம், நோயில்லை. உடம்பிலும் வாலிலும் உப்புத் தூவியதுபோலக் கண்டபடி இருந்து, மீன் கண்ணாடியில் உரசினால்தான் வெள்ளைப்புள்ளி நோய். அதற்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 2 கிராம், இரண்டு நாளாகப் பிரித்துக் கரைத்துவிட்டு, 10 நாள் விடு. தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேர்.

பாசி தின்னும் என்று சக்கர் மீனைச் சேர்த்துவிடச் சொல்வார்கள். ராத்திரியில் தங்கமீனின் மேல் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும், வேண்டாம். என்றாவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த மீனையும் ஏரியில் விடாதே, கடையிலேயே திருப்பிக் கொடு.

இந்த ஞாயிறு வண்ணமீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் போய்த் தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டும் பார். டெஸ்ட் கிட்டில் என்ன நிறம் வருகிறது என்று படமெடுத்து அனுப்பு, நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா