மதிலுக்குள்ள முந்திரிகை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின்ர முழங்கால் நோ இப்ப எப்பிடி?

இந்தமுறை பாரிஸில இருந்து வெளிக்கிட்டு, பூர்கோன் பக்கம் வைன் வடிக்கிற முந்திரிகைப்பழம் வெட்ட வந்தனான். எங்கட பந்தல் மாதிரி அண்ணாந்து வெட்டுற வேலையில்லை. கொடி இடுப்பளவுதான், கம்பியில கட்டி வரிசையா விட்டிருக்கினம். நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்கவேணும். குலை உங்கட உள்ளங்கைக்குள்ள அடங்கும். சின்னக் கறுப்புப் பழம், மெல்லிய தோல்.

தோட்டத்துக்குப் பேர் 'க்ளோ த வூஜோ'. க்ளோ எண்டா என்னெண்டு பக்கத்து வரிசையில வெட்டின கிழவரைக் கேட்டன். கையில இருந்த கத்தரியை இறுக மூடிக் காட்டி, "அடைச்சது" எண்டார். லத்தீனில 'கிளாவுசும்' எண்டதில இருந்து வந்த சொல். இஞ்ச வேலிக்குச் சொல்லுற 'க்ளோத்யூர்' உம் அந்த வேர்தான். நாங்களும் வேலி 'அடைக்கிறது' எண்டுதானே சொல்லுவம்! நீங்கள் உள்ளுக்கு நிண்டு குத்தூசியை நீட்ட, நான் வெளியில நிண்டு கயிறு கோத்துவிட்டதெல்லாம் அப்பிடியே கண்ணுக்குள்ள வந்திட்டுது.

இஞ்ச அடைச்சது கல்மதிலால. சீத்தோ எண்ட கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில இருந்து காணி சேர்த்து, 1336 அளவில சுத்துமதிலை முடிச்சவை. 50 ஹெக்டேர், எங்கட கணக்கில 2000 பரப்பு வரும். மத்தியானம் அந்த மதிலிலதான் முதுகைச் சாய்ச்சுச் சாப்பிடுறது. கல்லு வெயிலைக் குடிச்சு இளஞ்சூடாக் கிடக்கும்.

பிரெஞ்சுப் புரட்சியில அரசாங்கம் பறிச்சு வித்துப்போட்டுது. பிறகு 1889 இல துண்டு துண்டாப் போய், இப்ப 80 பேரளவில பங்குகாரர். ஒரு சாண் காணிக்குக் கோடேறுற எங்கட ஆக்கள் இதை வந்து பாக்கவேணும்.

ஆனா ஒண்டு, அப்பா. மேட்டுப்பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சரளையும், தண்ணி நிக்காது. றோட்டுப் பக்கம் பள்ளம், களிமண். மழை பெஞ்ச அண்டைக்கு என்ர சப்பாத்துப் புதைஞ்சுபோச்சு. ரெண்டு பக்கத்து வைனுக்கும் ஒரே பேர், ஒரே தரம். மதிலை நம்பி மண்ணைப் பாக்காம விட்டது பிழை எண்டுதான் எனக்குப் படுது. நீங்கள் எண்டா ஒரு பிடி மண்ணைப் பிசைஞ்சே வித்தியாசம் சொல்லியிருப்பியள்.

வேற இடங்களில மதில் இடிஞ்ச பிறகும் க்ளோ எண்ட பேர் நிக்குது.

கிணத்தடி வேலி விழுந்திட்டுதெண்டு தம்பி எழுதினவன். தகரம் அடிக்காதேங்கோ. கிடுகாலயே அடையுங்கோ, கூலிக்கு நான் காசு அனுப்புறன்.

அன்பு மகன்