அப்பாவின் பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்த ஆட்டோ அண்ணாவுக்கு

கல்லறைத் திருநாளை ஒட்டி எங்கள் பாடகர் குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் 'ரெக்வியம்' பாடியது. 1888-இல் பாரிஸின் மதலேன் ஆலயத்தில் முதலில் ஒலித்த, இறந்தோருக்கான லத்தீன் திருப்பலி இசை. இறுதித் தீர்ப்பைப் பாடும், அச்சமூட்டும் 'கோப நாள்' பகுதியை ஃபோரே சேர்க்கவே இல்லை. அதனாலேயே அப்பாவுக்கு அது உயிர். போன தவக்காலத்தில் அவர் போய்விட்டார். என் சோப்ரானோ (பெண்களின் உச்சக்குரல்) வரியில் மூச்சு எடுக்கும் இடங்களை அவர் பென்சிலால் குறித்துத் தந்த பிரதியைத்தான் பையோடு உங்கள் வண்டியில் விட்டுவிட்டு இறங்கினேன்.

மயிலாப்பூரில் அடுத்த சவாரி ஏறும்போது பையைப் பார்த்தீர்களாம். அந்தச் சவாரியை விட்டுவிட்டு, கொட்டும் மழையில், பையைக் காக்கிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் தொப்பலாக நனைந்திருந்தீர்கள், பை நனையவில்லை. "பென்சில்ல நெறைய எழுதியிருந்துச்சும்மா, முக்கியமானதுன்னு தோணுச்சு" என்றீர்கள். பணம் வாங்கவில்லை. ஈரத்தோடு வாசலிலேயே நின்று கடைசிவரை கேட்டீர்கள்.

முடிந்ததும் ஓடிவந்து தேடினேன், காணோம். பெயர்கூடக் கேட்கவில்லை. மயிலாப்பூர் பக்கம் யாருக்காவது இவரைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள்.

அண்ணா, கடைசியாகப் பாடியது 'இன் பாரதிசும்'. தேவதூதர்கள் உன்னை விண்ணகத்துக்கு அழைத்துச் செல்லட்டும் என்று பொருள். அப்பா குறித்த இடத்திலேயே மூச்சு எடுத்தேன்.